மூக்கு ஃபார்கோ, முதுகு நாமக்கல்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும்போது என் பைக்கில் பின்னால் உட்காருகிறவர்களிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நடுவில் எங்கேயாவது சடாரென்று ஓரங்கட்டுவேன், பதறாதீர்கள். மரவாடிக்குப் பின்னாலோ, கல்குவாரி வாசலிலோ, சிற்பக்கூடத்தின் வேலி ஓரத்திலோ ஏதோ ஒரு பழைய லாரியின் மூக்கு கண்ணில் பட்டிருக்கும், அவ்வளவுதான். மற்றவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்க்கப் போகிற சாலையில் நான் காயலாங்கடையைப் பார்த்துக்கொண்டு போகிறவன்.

பழைய கார் பிடிக்கும் என்று சொன்னால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. பழைய லாரி பிடிக்கும் என்றால், "வாங்கி விக்கறீங்களா?" என்பார்கள். இரண்டும் இல்லை. எங்களுடையது இன்னும் பைத்தியக்காரத்தனமானது. கண்ணில் பட்ட லாரி என்ன மேக், என்ன மாடல், எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பது. கண்டுபிடித்து என்ன செய்வது? அடுத்த லாரியைத் தேடுவது. ஓய்வுபெற்ற டிரைவர், உதிரிபாகக் கடைக்காரர், பாலிடெக்னிக் வாத்தியார், அப்புறம் நான் என்று ஒரு சிறு கூட்டம். யாராவது ஒரு மங்கலான போட்டோவை அனுப்பினால் போதும், ராத்திரி சாப்பாடு ஆறிவிடும்.

கடலோரத்தில் அன்று எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கூட நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம். கதாநாயகன் பாடிக்கொண்டிருப்பான். எங்கள் கண் பின்னால் போகிற லாரியின் ரேடியேட்டர் ஜாலியில் இருக்கும்.

எவையெல்லாம் ஓடின?

லாரியைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இந்த ரோட்டில் எவையெல்லாம் ஓடியிருக்க முடியும் என்ற கணக்கு முதலில் தெரிய வேண்டும். அந்தக் கணக்கைச் சின்னதாக்கிக் கொடுத்த புண்ணியம் லைசென்ஸ் ராஜ்யத்தைச் சேரும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் செவர்லே வண்டிகளைப் பூட்டி விற்றது. ஃபோர்டும் நம் சென்னை உட்பட துறைமுக நகரங்களில் பூட்டியது. "இறக்குமதி செய்து பூட்டினால் போதாது, பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும்" என்று அரசாங்கம் பிடியை இறுக்கியதும் 1950களின் நடுவில் இரண்டும் கடையைக் கட்டின. மிஞ்சியவர்கள் முக்கியமாக நான்கு பேர்.

முதலாவது நம்மூர் எண்ணூர். 1948இல் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பித்தது ஆஸ்டின் கார் பூட்டத்தான். 1950இல் இங்கிலாந்தின் லேலண்டு மோட்டார்ஸோடு ஒப்பந்தம். அங்கே பூட்டிய முதல் லேலண்டுகள் நான்கு காமெட் டிப்பர்கள், வாங்கியது மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை. 1955இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்டு ஆனது. காமெட் 350 என்பதில் இருக்கிற 350, எஞ்சினின் கன இஞ்ச் கொள்ளளவு. லிட்டரில் சொன்னால் ஐந்தே முக்கால். பீவர், ஹிப்போ என்று மிருகப் பெயர் வைக்கிற பழக்கமும் சீமையிலிருந்து வந்ததுதான். டஸ்கர், சீட்டா என்று எண்ணூர் அதைத் தொடர்ந்தது.

இரண்டாவது ஜாம்ஷெட்பூர். 1954இல் டாட்டாவின் டெல்கோவும் டைம்லர்-பென்ஸும் கைகோத்தன. 1969 வரை டாட்டா லாரியின் மூக்கில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது. அதற்கப்புறம் வட்டத்துக்குள் 'டி' எழுத்து. எழுத்து மாறிப் பல வருஷம் கழிந்தும் ஜி.எஸ்.டி. ரோட்டு (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) டிரைவர்கள் அதை "பென்ஸ் வண்டி" என்றேதான் சொன்னார்கள். 2012இல் அதே டைம்லர் பாரத்பென்ஸ் என்ற பெயரில் திரும்பி வந்து லாரி செய்யத் தொடங்கிய இடம், செங்கல்பட்டிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருக்கிற ஒரகடம்.

மூன்றாவது பம்பாயின் பிரீமியர். டாட்ஜ், ஃபார்கோ, டி சோட்டோ என்று கிரைஸ்லரின் மூன்று பெயர்களில் லாரி விற்றது. உள்ளே ஒரே வண்டி, நெற்றியில் எழுத்து மட்டும் வேறு. எங்கள் கூட்டத்தில் பாதிச் சண்டைக்குக் காரணம் இந்த மூவர்தான். நான்காவது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பெட்ஃபோர்டு. இதே பெட்ஃபோர்டுதான் பாகிஸ்தானில் உடம்பெல்லாம் சித்திரம் எழுதிக்கொண்டு 'ராக்கெட்' என்ற செல்லப்பெயரோடு ஓடுகிறது. இங்கே எங்காவது தண்ணீர் டேங்கராக ஒன்று நிற்கிறது என்று கேள்விப்பட்டால் நாங்கள் சோற்றை விட்டுவிட்டுக் கிளம்புவோம்.

நான்கு கம்பெனி, அவற்றுக்குக் கீழே சில மாடல்கள். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம்.

முகம் சொல்கிற பொய்

சீமையில் லாரியை அடையாளம் காண்பவனுக்கு வேலை சுலபம். கேபினும் கம்பெனியே செய்து கொடுத்தது. விளக்கு எங்கே, கண்ணாடி எப்படி, கதவுக் கைப்பிடி எந்தப் பக்கம் என்று படத்தை ஒப்பிட்டால் வருஷம் வரை சொல்லிவிடலாம். இங்கே கம்பெனி விற்றது பெரும்பாலும் வெறும் சேஸியும் முன்மூக்கும்தான். மற்றது ஆசாரி கை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் மரச்சட்டம் போட்டுத் தகடு அடித்து கேபினும் பாடியும் கட்டினார்கள். லேலண்டுக்குக் கட்டுகிற ஆள்தான் டாட்டாவுக்கும் கட்டுவார். அவருக்குப் பிடித்த ஜன்னல் வளைவு இரண்டிலும் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

போதாக்குறைக்கு, லாரி என்பது சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய பொருள். எஞ்சின் போனால் வேறு எஞ்சின், ஆக்ஸில் போனால் கிடைத்த ஆக்ஸில். அமெரிக்க லாரிகள் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்த காலத்தில் டீசல் எஞ்சின் வாங்கி உட்கார வைத்தார்கள். அதில் பேர்பெற்றது பெர்கின்ஸ் பி-6. ஆறு சிலிண்டர், 4.7 லிட்டர் சொச்சம். நம் சென்னையில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் எஞ்சின்களை உற்பத்தி செய்தது. செவர்லே சேஸியில் பி-6 ஏறி, நாமக்கல் பாடி கட்டி, டாட்டா பின் ஆக்ஸில் ஹவுசிங் மாட்டிய லாரியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பாடம் எடுத்தவர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ரெக்கவரி வண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். ஜி.எஸ்.டி. ரோட்டில் கவிழ்ந்த வண்டிகளைத் தூக்குகிற கிரேன் லாரிகளை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வேறெங்கும் செத்துப்போன லாரிகள் அங்கேதான் உயிரோடு இருக்கும். தினசரி ஓட்டம் கிடையாது. கனம் தாங்கினால் போதும். அதனால் இரும்பு தடிமனாக இருக்கிற பழைய சேஸிகளுக்கு அங்கே மவுசு.

அவருடைய கிரேன் வண்டியின் நெற்றியில் ஃபார்கோ என்ற எழுத்து, பாதி உதிர்ந்து, நிழலாகத் தெரிந்தது. கூட வந்த வாத்தியார் உற்சாகமாக, "ஃபார்கோங்களா ஐயா?" என்றார்.

"மூக்கு ஃபார்கோதான். யாரு இல்லன்னது?" என்று சிரித்தார் பெரியவர். "மொகத்தப் பாத்தா மொகம் என்ன சொல்லுதோ அதத்தான் சொல்லும். தம்பி, அந்த ஸ்பேனர் பெட்டிய எடு."

பெட்டியில் மூன்று சாதி ஸ்பேனர் இருந்தது. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். நாங்களும் படுத்தோம். முதலில் சட்டத்தில், கிராஸ் மெம்பர் சேருகிற இடத்தில் ஒரு போல்ட். பதினான்கு எம்.எம். ஸ்பேனரை வைத்தார், வாய் ஏறவில்லை. ஒன்பது-பதினாறு இஞ்ச் ஸ்பேனரை வைத்தார், கச்சிதமாகக் கவ்வியது. "சேஸி அமெரிக்காக்காரன்." அடுத்து எஞ்சின் பக்கம் நகர்ந்து, கறுத்துப்போன பழைய ஸ்பேனர் ஒன்றை எடுத்தார். அதில் 3/8 என்று பொறித்திருந்தது. வாயின் அகலமோ முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம்தான் குறைவு. "இது விட்வொர்த். நம்பரு போல்ட்டு தண்டோட கணக்கு, தலையோட கணக்கு இல்ல. இது உக்காருதா? அப்ப வெள்ளக்காரன் எஞ்சினு. பி-6." கடைசியாகப் பின்னால் ஹவுசிங். அங்கே பதினேழு எம்.எம். பொருந்தியது. "இது பென்ஸு வழி வந்தது. டாட்டா."

நான் பத்தொன்பது எம்.எம். ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். "அது வேணாம் தம்பி, அது ரெண்டு பக்கமும் சாட்சி சொல்லும்" என்றார். உண்மைதான். முக்கால் இஞ்ச் என்பது 19.05 மில்லிமீட்டர். இரண்டு ஸ்பேனரும் இரண்டு போல்ட்டிலும் உட்காரும். அடையாளம் காண அது உதவாது.

ஒரே வண்டிக்குள் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி. மேலே நாமக்கல்லோ சிங்கப்பெருமாள் கோயிலோ. அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்தோம். "இது என்ன லாரி?" என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. சேஸி இன்னது, எஞ்சின் இன்னது, ஆக்ஸில் இன்னது, மூக்கு இன்னது, பாடி கட்டியது இன்ன ஊர். பாகம் பாகமாகத்தான் பதில்.

எண்கள் பேசும்

எங்கே முகம் ஏமாற்றுகிறதோ அங்கே எண் உதவும். டாட்டாவின் மாடல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1210 என்றால் மொத்த எடை ஏறக்குறைய 12 டன், குதிரைசக்தி ஏறக்குறைய 100. 1986இல் வந்த 407 என்றால் 4 டன், 70 குதிரை. எஞ்சின் எண் இன்னும் சுவாரஸ்யம். 692 என்றால் ஆறு சிலிண்டர், சிலிண்டர் விட்டம் 92 மில்லிமீட்டர். 697 என்றால் ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர். 497 என்றால் அதே விட்டத்தில் நான்கு. இதைத் தெரிந்துகொண்டால் பிளேட்டைத் துடைத்துப் பார்த்தே எஞ்சினின் பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடலாம்.

சேஸி எண்ணைக் கண்டுபிடிப்பது தனி வித்தை. துரு, அதன்மேல் பெயின்ட், அதன்மேல் கிரீஸ், அதன்மேல் மண். டீசல் தொட்ட துணியால் துடைத்து, வயர் பிரஷ் போட்டு, பள்ளத்தில் சாக்பீஸ் தூளைத் தேய்த்தால் எழுத்து எழுந்து வரும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வதுபோல் மெல்லிய தாளை ஒட்டவைத்துப் பென்சிலால் தேய்த்தும் எடுக்கலாம். தாளில் எடுத்தது வீட்டுக்கு வந்து நிதானமாகச் சண்டை போட உதவும்.

நம்பர் பிளேட்டும் ஒரு சாட்சி, ஆனால் முழுக்க நம்பக்கூடாத சாட்சி. மெட்ராஸ் ராஜ்யக் காலத்து எம்.எஸ்., எம்.டி. வரிசைகள், அதற்குப் பிறகு 'டி'யில் தொடங்கிய மூன்றெழுத்து வரிசைகள், 1989இலிருந்து டி.என். செங்கல்பட்டுக்கு 19. ஆனால் நம்பர் சொல்வது பதிவான காலத்தை. ராணுவத்தில் இருபது வருஷம் உழைத்து ஏலத்தில் வந்த லாரிக்கு அப்போதுதான் சிவில் நம்பர் கிடைக்கும். டி.என். பிளேட்டோடு நிற்கிற வண்டி அதற்கு எவ்வளவோ முன்னால் பிறந்திருக்கலாம்.

பட்டாளத்திலிருந்து வந்தவை

ஏலத்து வண்டிகள் தனி ஜாதி. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலை ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959 முதல் செய்த சக்திமான் இவற்றில் அடிக்கடி கிடைப்பது. நான்கு சக்கரமும் இழுக்கும், தரையிலிருந்து உயரமாக நிற்கும். குவாரிப் பள்ளத்துக்கும் மணல்வெளிக்கும் ஏற்றது.

எங்கள் கூட்டத்தின் கனவு வண்டி அதைவிடப் பழையது. இரண்டாம் உலகப் போரில் கனடாவின் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து ஒரே ராணுவ வடிவத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல் லாரிகளைச் செய்து காமன்வெல்த் படைகளுக்கு அனுப்பின. இந்தியாவுக்கும் வந்தன. அந்த ஃபோர்டு சேஸியின்மேல் இங்கே கவசத் தகடு போட்டு 'டாட்டாநகர்' என்ற பெயரில் கவச வண்டியே கட்டினார்கள். அந்த வரிசையின் பிற்காலக் கேபினை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம். முன்கண்ணாடி தலைகீழாகச் சாய்ந்திருக்கும். சாதாரண லாரியில் கண்ணாடியின் மேல்பக்கம் டிரைவர் பக்கமாகச் சாயும், இதில் மேல்பக்கம் வெளியே தள்ளி நிற்கும். வெயில் பட்டு மின்னி, மேலே பறக்கிற விமானத்துக்கு இடம் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக அந்தச் சாய்வு. சுதந்திரத்துக்கு அப்புறம் டிஸ்போசலில் விற்றபோது சேஸியை வைத்துக்கொண்டு கேபினைக் கழற்றிப்போட்டவர்கள்தான் அதிகம். அதனால் சேஸி கிடைத்தாலும் கிடைக்கும், கண்ணாடி கிடைக்காது.

அரிது என்பது எது?

வயது கூடக்கூட அரிதாகும் என்று நினைக்கிறோம். லாரியில் அந்தக் கணக்கு தப்பும். 1960களின் பென்ஸை இப்போதும் எங்காவது தேடிப்பிடிக்கலாம், ஏனென்றால் அதற்கு உதிரிபாகம் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்துக்கொண்டே இருந்தது. 1980களின் நடுவில் ஜப்பான் கூட்டில் வந்த சின்ன லாரிகள் நான்கு: டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், சுவராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி. பின்னிரண்டும் பெயரும் உருவும் மாறிப் பிழைத்தன. முன்னிரண்டைச் சாலையில் பார்த்துச் சொல்லுங்கள், பார்ப்போம். கம்பெனி கைமாறியது, பாகம் நின்றது, வண்டி காயலாங்கடைக்குப் போனது.

இந்த வட்டாரத்துக்கே சொந்தமான அரிய வண்டி ஒன்றும் உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் பிறந்த ஸ்டாண்டர்டு 20. சீமையின் ஸ்டாண்டர்டு அட்லஸ் வேனின் வாரிசு. அது வேனா, குட்டி லாரியா என்று நீங்கள் கேட்டால் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரியும்.

கடலும் ஒரு கை பார்க்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் முப்பது வருஷம் சும்மா நிற்கிற லாரிக்குப் பெயின்ட் மட்டும் வெளுத்திருக்கும். மாமல்லபுரம், கோவளம் பக்கம் வந்தால் உப்புக்காற்று முதலில் கேபின் தரைத் தகட்டையும் கதவின் அடிவிளிம்பையும் தின்றுவிடும். மரப்பாடி நிற்கும், தகடு போய்விடும். ஆனால் பழைய சேஸிச் சட்டம் தடிமன். துரு செதில் செதிலாக உரிந்தாலும் உள்ளே இரும்பு மிச்சம் இருக்கும். கடலோரத்தில் தேடுகிறவர்கள் மூக்கைத் தேட வேண்டாம், சட்டத்தைத் தேடுங்கள்.

லாரிக்கு வரலாறு கிடையாதா?

இனி என் ஆதங்கம். 2021 ஜூலையில் மத்திய அரசு பாரம்பரிய வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்த வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்தோடு தனி நம்பர், பத்து வருஷத்துக்குச் செல்லும். நல்ல விஷயம். ஆனால் அது இருசக்கர வாகனங்களுக்கும் கார் வகைக்கும் மட்டும். சரக்கு வண்டிக்கு இடமில்லை. இன்னொரு நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸியிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் கூடாது.

காருக்கு அது நியாயம். ஷெட்டில் துணி போர்த்தி வைத்திருந்த பொருள் அது. ஆனால் உழைத்த லாரி எதுவும் இந்த நிபந்தனையில் தேறாது. பி-6 மாட்டியது, ஹவுசிங் மாற்றியது, ஆசாரி கேபின் கட்டியது எல்லாம் சட்டத்தின் பார்வையில் கெடுத்தது. எங்கள் பார்வையில் அதுதான் சரித்திரம். பெட்ரோல் விலையும், இறக்குமதித் தடையும், சிம்சனும், புதுப்பேட்டையும், நாமக்கல் ஆசாரியும் அந்த மாற்றங்களில்தான் பதிவாகியிருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிற லாரி நம் ஊரில் வேலை செய்யாத லாரி.

இங்கிலாந்தின் லங்காஷயரில் லேலண்டு என்பது ஒரு ஊரின் பெயர். அங்கே லாரிக்கும் பஸ்ஸுக்குமாகவே ஒரு அருங்காட்சியகம் நடக்கிறது. ஹரியானாவின் தாவுருவில் 2013இல் திறந்த பாரம்பரியப் போக்குவரத்து அருங்காட்சியகம் உண்டு. கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜிடி கார் அருங்காட்சியகம் அருமையானது, ஆனால் பெயரே சொல்கிறது, கார். எண்ணூரில் லேலண்டு, பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு, மறைமலை நகரில் வந்து 2022இல் போன ஃபோர்டு, ஒரகடத்தில் பென்ஸ். இவ்வளவையும் கண்ட வட தமிழ்நாட்டில் லாரிக்கென்று ஒரு கொட்டகை கிடையாது.

இன்னொரு கதவும் மூடிக்கொண்டு வருகிறது. 2025இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். டிரைவர்களுக்கு இது வெகுநாள் பாக்கி, வரவேற்கிறேன். கூடவே மரச்சட்டக் கேபின் கட்டுகிற வேலை இனி அரிதாகும். கட்டியவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அரிசி மில்லுக்குப் பின்னாலோ செங்கல் சூளையிலோ ஒரு பழைய லாரி நின்றால், முகத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். உடையவரிடம் கேட்டுவிட்டு, சேஸியைப் பக்கவாட்டில் ஒன்று, எஞ்சினை இரண்டு பக்கமும், முன் பின் ஆக்ஸில் ஹப், ஸ்டியரிங், டேஷ்போர்டு, ஏதாவது பிளேட் இருந்தால் அது. ஜன்னலுக்குக் கீழே பாடி கட்டியவர் பெயரும் ஊரும் எழுதியிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். பக்கத்தில் பழைய மெக்கானிக் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து என்னென்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பாகவாரியாக எழுதி அனுப்புங்கள். பெயர் என்ன என்பதை நாங்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறோம். தீராவிட்டாலும் பரவாயில்லை, ஸ்பேனர் பெட்டியோடு நேரில் வருகிறோம்.